தட்டையாக விழுந்த வெட்டு

என் முன்னாள் புருஷன் நேரியோ தன் வாயால் ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்பதற்காக ஐம்பத்தைந்து வயதில் நான் வாள்வீச்சு கற்றுக்கொள்ளப் போனேன். கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். என் தங்கை இவோன் சிரித்தாள், என் பாஸ்தா கடைக்கு டோர்ட்டெல்லினி வாங்க வருகிறவர்கள் சிரித்தார்கள், வாள் விற்ற கடைக்காரன்கூட சீட்டு எழுதிக்கொண்டே சிரித்தான். சிரிக்கட்டும். பத்தொன்பது வருஷம் நேரியோவோடு குடும்பம் நடத்தியது அவர்கள் இல்லை, நான்.

நேரியோ நில அளவைக்காரன். போலோன்யாவில் யார் வீட்டுச் சுவர் எத்தனை சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது அவன் பிழைப்பு. அவன் சுவர் மட்டும் எப்போதும் நேர். காப்பி தீய்ந்தால் அடுப்பின் தப்பு. என்னுடைய சிவப்புக் கம்பளிச் சட்டையை வெந்நீரில் முக்கிப் பொம்மைச் சட்டையாக்கிக் கொண்டுவந்தபோது, இது நல்ல ஆட்டின் ரோமமில்லை என்றான். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்களே, நேரியோவுக்கு மீசையும் உண்டு. நன்றாக அடர்ந்த மீசை. அதில் ஒரு நாளும் ஒரு மண்ணும் ஒட்டியதில்லை.

இதெல்லாம் நான் பொறுத்துப் போனவை. பொறுக்க முடியாதது ஒன்றுதான், ஃபயென்ஸா.

இருபது வருஷத்துக்கு முன்னால், ஒரு ஜூன் மாதச் சனிக்கிழமை. பிரிசிகெல்லாவில் இவோனுக்குக் கல்யாணம், காலை பதினொரு மணிக்கு. நான் வெறும் அக்கா இல்லை, மணப்பெண் பக்கத்துச் சாட்சி. பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டியவள். பிரிசிகெல்லாவுக்கு நெடுஞ்சாலையை விட்டு ஃபயென்ஸாவில் இறங்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் பால் குடிக்கும் குழந்தைக்கும் தெரியும். நேரியோ இறங்கவில்லை. நான் கத்தினேன். இது ஃபயென்ஸா இல்லை, அடுத்ததுதான் என்றான். அடுத்தது ஃபோர்லி. அதற்கடுத்தது செசெனா. சாலையை மாற்றிவிட்டார்கள், பலகையையும் மாற்றிவிட்டார்கள், நான் அளவைக்காரன், எனக்குத் தெரியாதா என்று சொல்லிக்கொண்டே ரிமினியையும் தாண்டினான். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று ஒருவன் நூறு கிலோமீட்டர் வண்டி ஓட்டி நான் அன்றுதான் பார்த்தேன். பெசாரோவில் பெட்ரோல் தீர்ந்துபோய்த்தான் வண்டி நின்றது. நாங்கள் கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். பதிவேட்டில் என் இடத்தில், பூ அலங்காரம் செய்ய வந்த பெண் கையெழுத்துப் போட்டிருந்தாள். இன்றைக்கும் அந்தப் பெயர் அங்கேதான் இருக்கிறது.

அதற்குப் பிறகு நேரியோ ஓட்டுகிற காரில் ஏறுவதில்லை என்று சபதம் செய்தேன். மீதிப் பதின்மூன்று வருஷக் குடும்ப வாழ்க்கையை பஸ்ஸிலேயே ஓட்டினேன். ஒவ்வொரு ஜூன் மாதமும் கேட்பேன். அவனும் ஒவ்வொரு ஜூன் மாதமும், பலகை இல்லை என்பான். கடைசியில் பிரிந்தோம். வேறு பெண் இல்லை, குடி இல்லை, சூது இல்லை. நீதிபதியிடம் காரணம் சொல்லத்தான் சங்கடமாக இருந்தது.

பிரிந்த பிறகு அவன் வாள்வீச்சுக்குப் போக ஆரம்பித்தான். ரேனோ ஆற்றோரம் ஒரு பள்ளிக்கூடத்தின் ஜிம்மில், செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் கூடுகிற ஒரு கூட்டம். ஐநூறு வருஷத்துக்கு முன்னால் இதே ஊரில் வாள் சொல்லிக்கொடுத்தவர்கள் எழுதிவைத்த புத்தகங்களைப் பார்த்து, அதேபோல வீசிப் பழகுவார்கள். வலது கையில் கூர் மழுங்கிய இரும்பு வாள், இடது கையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு கேடயம், தலையில் கம்பிவலை முகமூடி, உடம்பில் பஞ்சு வைத்துத் தைத்த சட்டை. பல் வைத்தியர் உண்டு, குழாய் ரிப்பேர்க்காரர் உண்டு, வாரம் முழுக்க யாரையும் அதட்டாத ஆட்கள்தான். செவ்வாய்க்கிழமை ஆனால் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்வார்கள்.

ஒருநாள் அவன் பெயருக்கு என் வீட்டு விலாசத்தில் வந்த தபாலைக் கொடுக்க அங்கே போனேன். ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். நடுவர் என்று யாருமே இல்லை. யார் மேல் வாள் பட்டதோ அவர்களே உடனே நின்று, கேடயம் பிடித்த கையைத் தூக்கி, “பட்டுச்சு” என்றார்கள். அவ்வளவுதான். புள்ளி எதிராளிக்குப் போனது. பக்கத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்த குழாய்க்காரர் வானெஸ்தான் எனக்கு விளக்கினார். இங்கே அடித்தவன் வாய் திறக்கக் கூடாது, அடி வாங்கியவன்தான் சொல்ல வேண்டும், அதுதான் மரியாதை என்றார்.

நேரியோவா? இந்த இடத்திலா?

“நேரியோ சொல்வாரா?” என்று கேட்டேன்.

வானெஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அவருக்குப் படவே மாட்டேங்குதும்மா. சட்டை ரொம்பக் கெட்டி போல.”

ஒரு மணி நேரம் இருந்து பார்த்தேன். என் கண்ணெதிரே மூன்று தடவை பட்டது. தோளில் ஒன்று, தொடையில் ஒன்று, நெஞ்சுக்கு நேரே ஒரு குத்து, அதில் வாள் வில்லாக வளைந்தது. மூன்று தடவையும் நேரியோ ஒன்றும் நடக்காததுபோல மறுபடி தற்காப்பு நிலையில் போய் நின்றான். அந்த நிலைக்கு அவர்கள் புத்தகத்தில் இரும்புக் கதவு என்று பெயராம். பெயர் வைத்தவன் நேரியோவைப் பார்த்திருப்பான் போலிருக்கிறது.

மறு வியாழக்கிழமை நானும் சேர்ந்தேன். எனக்கு வெற்றி வேண்டாம், பரிசு வேண்டாம். நேரியோ கையைத் தூக்கி ‘பட்டுச்சு’ என்று சொல்வதை ஒரு தடவை கேட்டுவிட்டு வாளை விற்றுவிடலாம் என்பதுதான் என் திட்டம். இரண்டு மாதம் ஆகும் என்று நினைத்தேன். மூன்று வருஷம் ஓடிவிட்டது.

சொல்லிக்கொடுப்பவள் மிர்க்கா, முப்பத்து நாலு வயசு, மாட்டு வைத்தியர். மாடுகளோடு பழகியதால் மனுஷர்களிடம் பொறுமை அதிகம். என்னைப் பார்த்ததும் அவளுக்கு என் மணிக்கட்டு பிடித்துப்போனது. பிடிக்காமல் என்ன? நாற்பது வருஷமாக உருட்டுக்கட்டையால் மாவைத் தாளாகத் தேய்க்கிற கை. மெஷின் வைக்காத கடை என்னுடையது. முட்டை மாவை விளக்கு வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் நிற்கிறவர் மூக்கு தெரிய வேண்டும், அத்தனை மெல்லிசாகத் தேய்ப்பேன். தாள் எந்த இடத்தில் மயிரிழை தடித்திருக்கிறது என்று கண் பார்ப்பதற்கு முன்னால் உள்ளங்கை சொல்லிவிடும்.

அந்தக் கையே எனக்கு எமனாகவும் வந்தது. வெட்டு முடிகிற இடத்தில், கட்டையை உருட்டுகிற பழக்கத்தில், என் கை தானாகத் திரும்பிக்கொள்ளும். வாளின் விளிம்பு விழ வேண்டிய இடத்தில் தட்டைப் பக்கம் விழும், பளாரென்று கன்னத்தில் அறைந்த மாதிரி. தட்டையாக விழுந்தால் வெட்டு இல்லை, புள்ளி இல்லை. அதில் இன்னொரு சங்கடம், வலி ஒரே வலிதான் என்பதால் அடி வாங்கியவருக்கு வித்தியாசம் தெரியாது. பிடித்திருக்கிற கைக்கு மட்டும்தான் தெரியும். அதனால் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அடித்தவர் வாய் திறக்க வேண்டும் என்பது வழக்கம். எதிராளி கையைத் தூக்கிவிட்டாலும், “இல்ல, தட்டை” என்று நாமே சொல்லிப் புள்ளியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மிர்க்கா வாரம் இரண்டு தடவை என்னிடம் சொல்வாள், “நோர்மா, வெட்டுங்க, தேய்க்காதீங்க.” நானும் வாரம் இரண்டு தடவை தேய்த்தேன்.

இதற்கு நடுவில் நேரியோவை மடக்க என் மூளையில் உதித்ததையெல்லாம் செய்து பார்த்தேன். ஒரு வியாழக்கிழமை வாள் விளிம்பு முழுக்கக் கடை மாவைத் தடவிக்கொண்டு போனேன். அருமையான வெட்டு ஒன்று விழுந்தது, விளிம்பாகவே விழுந்தது. அவன் கறுப்புச் சட்டையில் தோளிலிருந்து தொப்பை வரை வெள்ளைக்கோடு, பள்ளிக்கூட வாத்தியார் போட்டதுபோல நேராக இருந்தது. நேரியோ குனிந்து பார்த்தான். நிதானமாகத் தட்டிவிட்டான்.

“உன் பக்கத்துல வந்தா யாருக்குத்தான் மாவு ஒட்டாது?” என்றான்.

அன்று எனக்குத்தான் திட்டு விழுந்தது. எங்களுக்குப் பிறகு வாலிபால் ஆட வந்த பெண்கள் இரண்டு பேர் அந்த மாவில் வழுக்கி விழுந்துவிட்டார்கள்.

பிறகு மிர்க்காவிடம் போய் நடுவர் வைக்கச் சொன்னேன். முடியாது என்றாள். பொய் என்று யாரும் யாரையும் பார்த்துச் சொல்லக் கூடாது என்பதுதான் இந்த இடத்தின் முதல் சட்டமாம். “தன் உடம்புகிட்டயே பொய் சொல்றவர்கிட்ட நாம என்னத்த வழக்குப் போடறது? அலுத்துப் போய் அவரா சொல்லுவார்” என்றாள். கன்றுக்குட்டி தானாக வெளியே வரும் என்று காத்திருக்கிற வைத்தியர் பேச்சு. நேரியோ அலுப்பவன் இல்லை என்பது அவளுக்குத் தெரியாது.

மற்றவர்களும் அவனை விட்டுவிட்டார்கள். ஆள் கெட்டவன் இல்லையே. ஜிம்மில் விளக்கு போனால் ஏணி வைத்து ஏறுவான், யாருக்காவது கால் சுளுக்கினால் வீடு வரை கொண்டுபோய் விடுவான், வரும்போதெல்லாம் ஒரு பொட்டலம் மோர்ட்டதெல்லா பன்றிக்கறித் துண்டுகள் வாங்கி வருவான். அவனோடு மோதி முடித்ததும் எல்லாரும் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார்கள். எனக்குத்தான் வயிறு எரியும்.

எங்கள் ஜிம்மில் வருஷத்துக்கு ஒரு திருநாள். அக்டோபரில் ஊர்த் திருவிழா முடிந்த ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் எல்லாரோடும் மோதுவார்கள். மூன்று அடி வாங்கியவர் தோற்றவர். கடைசியில் மிஞ்சுகிறவரின் கேடயத்தைச் சுவரில் மேல் ஆணியில் மாட்டுவார்கள், அடுத்த வருஷம் வரை அது அங்கே தொங்கும், அதுவரை அவர் வேறு கேடயத்தை வைத்து ஆடுவார். அந்த ஆணியில் நாலு வருஷமாக நேரியோவின் கேடயம்தான். அடியே படாதவனை யார் தோற்கடிப்பது?

இந்த வருஷம் என் பாண்டா கார் பழுது பார்க்கப் போயிருந்ததால் வானெஸ் தன் வேனில் அழைத்துவந்தார். வழி முழுக்கப் பின்னால் குழாய்கள் கடகடவென்று உருண்டுகொண்டிருந்தன. நேரியோவுக்கும் எனக்கும் முறை வந்தபோது மணி நாலு. ஜன்னல் வழியாக வெயில் தரையில் விழுந்திருந்தது. மற்றவர்கள் பிளாஸ்டிக் டம்ளர்களில் லம்ப்ருஸ்கோ ஒயின் வைத்துக்கொண்டு பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். எங்கள் சண்டை என்றால் மட்டும் யாரும் சிறுநீர் கழிக்கக்கூட எழுந்து போவதில்லை.

முதலில் வணக்கம் சொல்லும் வரிசை. வாளைச் சுழற்றிக் கேடயத்தில் தட்டி அழகாக நடந்து வர வேண்டும். நான் நாலு அடியில் முடித்துவிடுவேன். நேரியோ ஒரு கல்யாண ஊர்வலமே நடத்துவான். அது முடியும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

மோதல் தொடங்கியது. முதல் அடி எனக்குத்தான் விழுந்தது, முன்கையில். கையைத் தூக்கிச் சொன்னேன். அடுத்து நான் அவன் விலாவில் ஒன்று கொடுத்தேன், விளிம்பாக, சுத்தமாக. நேரியோ இரும்புக் கதவில் போய் நின்றான். அடுத்து முகமூடியின் ஓரத்தில் ஒன்று கொடுத்தேன், கம்பிவலை கிணுங்கியது. பெஞ்சில் இருந்தவர்களுக்கே கேட்டது. நேரியோ கழுத்தை ஒரு தரம் சொடுக்கிக்கொண்டு மறுபடி நின்றான்.

அடுத்த மோதலில் இருவரும் கலைந்து விலகியபோது, அவன் வாள் நுனி என் தோள் மடிப்பில் உரசிக்கொண்டு போனது. துணிதான் கொஞ்சம் இழுபட்டது என்று நினைத்தேன். ஆனால் உள்ளே தோலில் ஒரு எறும்பு ஊர்ந்த மாதிரி நுனி பட்டது. யாரும் பார்க்கவில்லை. நேரியோவே பார்க்கவில்லை, அவன் அடுத்த அடிக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். எனக்கு எரிச்சலில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என்ன செய்வது, பட்டது பட்டதுதான். கையைத் தூக்கினேன்.

“பட்டுச்சு” என்றேன்.

நேரியோ நின்றுவிட்டான். “எங்க?”

“தோள்ல.”

முகமூடிக்குள் அவன் முகம் தெரியவில்லை. பிறகு மெதுவாக வாளைத் தூக்கினான்.

இனி ஒன்று பட்டால் நான் காலி, அடுத்த வாய்ப்பு அடுத்த வருஷம்தான். அதனால் மிர்க்கா வசந்த காலம் முழுக்கச் சொல்லித்தந்த ஒரு தந்திரத்தை எடுத்தேன். தலைக்கு வெட்டுவதுபோலக் காட்ட வேண்டும். எதிராளி வாளும் கேடயமும் மேலே போகும். அந்த நேரத்தில் பக்கவாட்டில் ஒரு அடி வைத்து, புறங்கையால் தொடையில் இறக்க வேண்டும். காட்டினேன். இரும்புக் கதவு மேலே போனது. கால் வைத்தேன். இறக்கினேன்.

பளார்.

அந்தச் சத்தம் கூரையில் பட்டுத் திரும்பி வந்தது. யாரோ லம்ப்ருஸ்கோவைச் சிந்திக்கொண்டார்கள்.

நேரியோ வாளைத் தாழ்த்தினான். கேடயம் பிடித்த கையைத் தூக்கினான். ஆறு வருஷத்தில் முதல் தடவையாகத் தூக்கினான்.

“பட்டுச்சு” என்றான்.

பெஞ்சில் எல்லாரும் அவன் கையைப் பார்த்தார்கள். நான் மட்டும் என் கையைப் பார்த்தேன். ஏனென்றால் என் கைக்குத் தெரிந்துவிட்டது. கடைசி நொடியில் அது உருண்டுவிட்டது. சபிக்கப்பட்ட என் கை, நாற்பது வருஷ மாவு தேய்த்த கை, தேய்த்துவிட்டது. விழுந்தது வெட்டு இல்லை, தட்டை.

நான் நல்லவள் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். வாயை மூடிக்கொள்ளலாம் என்றுதான் முதலில் தோன்றியது. யாருக்குத் தெரியப்போகிறது? சத்தம் எல்லாருக்கும் கேட்டது, வலி அவனுக்குத் தெரிந்தது, உண்மை என் உள்ளங்கைக்குள் மட்டும்தான் இருக்கிறது. இருபது வருஷம் காத்திருந்த வார்த்தை. அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் வாளை விற்றுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். அப்புறம் இன்னொன்றும் தோன்றியது. பட்டதைத் தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டு நிற்பது யார் வழக்கம்? இப்போது நான் சும்மா நின்றால், இந்த ஜிம்மில் இரண்டு நேரியோக்கள் ஆகிவிடுவார்கள். அந்த நினைப்பு எனக்குத் தாங்கவில்லை.

“இல்ல, தட்டை” என்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நேரியோ முகமூடியைக் கழற்றினான். மீசை வியர்வையில் ஒட்டிக் கிடந்தது. “என்ன தட்டை?”

“வாள் திரும்பிடுச்சு. தட்டையா விழுந்துச்சு. புள்ளி இல்ல.”

“விளிம்புதான்.”

“என் கையில இருக்கற வாள், எனக்குத் தெரியாதா?”

“என் தொடை, எனக்குத் தெரியாதா?”

“தட்டைங்கறேன்ல.”

“நீ சொல்றது தப்பு.”

பாருங்கள் இந்த மனுஷனை. ஆயுசில் ஒரே ஒரு தடவை தோல்வியை ஒப்புக்கொண்டான், அதிலும் தப்பாக ஒப்புக்கொண்டான், அந்தத் தப்பையும் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறான். இரண்டு பேரும் மூக்குக்கு மூக்கு நின்று கத்தினோம். நான் எனக்குப் புள்ளி வேண்டாம் என்று கத்துகிறேன், அவன் வாங்கிக்கொண்டுதான் ஆக வேண்டும் என்று கத்துகிறான். மிர்க்கா நடுவில் வந்து, தட்டை என்று நோர்மா சொன்னால் தட்டைதான், அதுதான் சட்டம், மறுபடி ஆடுங்கள் என்றாள். நேரியோவுக்கு முகம் பீட்ரூட் ஆகிவிட்டது.

“பட்டா எனக்குத் தெரியாதா?” என்று அவளிடம் திரும்பினான். “எனக்குத் தெரியாம இருக்குமா? ஒவ்வொரு தடவையும் தெரியும்!”

சொல்லி முடித்தபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவன் காதில் விழுந்தது.

வானெஸ் டம்ளரைக் கீழே வைத்தார். ரொம்பச் சாந்தமாகக் கேட்டார். “ஒவ்வொரு தடவையுமா, நேரியோ?”

நேரியோ தரையைப் பார்த்தான். மீசை துடித்தது. இப்போது விளக்கைக் குறை சொல்வான், சட்டையைத் தைத்தவனைக் குறை சொல்வான் என்று நான் காத்திருந்தேன். சொல்லவில்லை. சுவரோரம் போய் மர ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

வானெஸ் எழுந்து அவன் முன்னால் போய் நின்றார். போன மார்ச் மாதம், தொண்டைக்குக் கீழே ஒரு குத்து, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். நேரியோ கையைத் தூக்கினான். “பட்டுச்சு.” வானெஸ் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்தார். அவருக்குப் பின்னால் பல் வைத்தியர் நின்றார். அவருக்கு இரண்டு இருந்தன, ஒன்று இடது முழங்கால், ஒன்று கிறிஸ்துமஸுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை. “பட்டுச்சு. பட்டுச்சு.” பிறகு ஒவ்வொருவராக எழுந்து வந்து வரிசையில் நின்றார்கள். பாவமன்னிப்புக் கூண்டு கணக்காக ஆகிவிட்டது, இங்கே பாதிரியாருக்குப் பதிலாகப் பாவியை நடுவில் உட்காரவைத்திருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். தேதி மறந்தவர்களுக்கு நேரியோவே எடுத்துக்கொடுத்தான். அளவைக்காரன் இல்லையா, எல்லாம் துல்லியமாக நினைவிருந்தது. “அது பிப்ரவரி இல்ல, ஜனவரி. வலது விலா. பட்டுச்சு.” மிர்க்காகூட வரிசையில் நின்று ஒன்பது அடிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். கை வலித்ததோ என்னவோ, பாதியில் கேடயத்தை மறு கைக்கு மாற்றிக்கொண்டான்.

வரிசையில் கடைசியாக நான் நின்றேன். எனக்கு முன்னால் இருந்தவர் நகர்ந்ததும் அவன் நிமிர்ந்து பார்த்தான். மாவுக் கோடு, விலா, முகமூடி என்று நான் வரிசையாகக் கேட்பேன் என்று எதிர்பார்த்தான்போல. கையைப் பாதி தூக்கியே வைத்திருந்தான்.

“ஃபயென்ஸா” என்றேன்.

கை அப்படியே நின்றது. மற்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. வானெஸுக்கு மட்டும் கொஞ்சம் தெரியும், அவர் எல்லாரையும் மோர்ட்டதெல்லா இருக்கும் மேஜைப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனார்.

“பச்சைப் பலகை” என்றான் நேரியோ. “பெரிசு. ஃபயென்ஸான்னு எழுதியிருந்துச்சு. பார்த்தேன்.”

நான் அவன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கோபம் வரும் என்று இருபது வருஷமாக எண்ணியிருந்தேன், வரவில்லை. “அப்ப ஏன்டா சொல்லல? அடுத்த எடத்துல எறங்கித் திரும்பியிருந்தா கால் மணி நேரம்தான் லேட்.”

“சொல்லலாம்னுதான் வாயெடுத்தேன், நோர்மா. அதுக்குள்ள ஃபோர்லி வந்துருச்சு. ஃபோர்லில சொன்னா, ஃபயென்ஸாவுல ஏன் சொல்லலன்னு கேப்ப. செசெனா வந்துச்சு. அங்க சொன்னா ரெண்டுக்கும் பதில் சொல்லணும். ஒவ்வொரு ஊர் தாண்டத் தாண்ட சொல்ல வேண்டியது கூடிக்கிட்டே போச்சு. அப்பறம் எங்க எறங்கறதுன்னே தெரியல.”

அவன் கையுறையைக் கழற்றினான். அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் தோன்றியது, பிடிக்கவில்லை. இவன் அந்த நெடுஞ்சாலையை விட்டு இன்னும் இறங்கவே இல்லை என்று எனக்குப் புரிந்தது. இருபது வருஷமாக ஓட்டிக்கொண்டே இருந்திருக்கிறான், பக்கத்திலிருந்து நான் இறங்கிப்போன பிறகும்.

“இன்னிக்கு மட்டும் ஏன் கை தூக்கின?” என்று கேட்டேன்.

“நீ தோள்ல பட்டுச்சுன்னியே. அது எனக்கே தெரியாது. யாருக்குமே தெரியாது. நீ சொல்லாம இருந்திருக்கலாம்.” கொஞ்சம் யோசித்தான். “ஆனா கடைசியா விழுந்தது விளிம்புதான்.”

“தட்டை.”

“சரி விடு” என்றான். நேரியோ அகராதியில் அது சரணாகதி.

மேல் ஆணியிலிருந்து தன் கேடயத்தை அவனே ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தான். வேறு யாரும் மாட்டவும் இல்லை. மிர்க்கா இந்த வருஷம் ஆணி சும்மா இருக்கட்டும் என்றாள். சாப்பிட்டு முடித்ததும் வானெஸ் இன்னொரு பாட்டிலைத் திறந்துவிட்டார், அவர் கிளம்ப இன்னும் இரண்டு மணி நேரம் ஆகும் என்று தெரிந்தது. நேரியோ சாவியை விரலில் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றான். கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்கவில்லை. கேட்க அவனுக்குப் பயம்.

நானே போய் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். வாளைப் பின்னால் வைத்தேன். காரில் இன்னும் அவன் சப்பும் அதே சோம்பு மிட்டாய் வாசனை. ரயில்வே மேம்பாலம் வந்தது. என் வீட்டுக்கு அங்கே இடது பக்கம் திரும்ப வேண்டும், அவனும் குடியிருந்த வீடுதான், பிரிந்த பிறகும் தபால் வாங்க எத்தனையோ தடவை வந்திருக்கிறான், அவனுக்கும் தெரியும். நேரியோ திரும்பவில்லை. நேராகப் போனான்.

நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். நூறு மீட்டர் போனது. இருநூறு மீட்டர் போனது. ஒரு மருந்துக்கடை, ஒரு பெட்ரோல் பங்க், இரண்டாவது சிக்னல் எல்லாம் தாண்டின. ஓரக்கண்ணால் பார்த்தேன், மீசை துடிக்கிறது. பெசாரோ வரை போவான் என்று நினைத்துக்கொண்டேன்.

நேரியோ ஸ்டியரிங்கிலிருந்து இடது கையை எடுத்தான். முகமூடி உயரத்துக்குத் தூக்கினான்.

“பட்டுச்சு” என்றான்.

அடுத்த வளைவிலேயே வண்டியைத் திருப்பினான்.